ஒன்பது மணிக்கு விழித்தவன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். போனில் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் பேசிய பேச்சுக்கு வேறு யாராவது இருந்தால் அந்தப் போனும் வந்திருக்காது. தம்பியைப் பற்றி அப்பா உன்னிடம் எதுவும் சொல்லியிருக்க மாட்டார், நான்தான் தடுத்தேன், என் வாயால கெடுத்ததை என் வாயாலயே சொல்றேன் என்றேன். ஆனால் மூன்று நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்து மாதம் தாமதமாக எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. உன் தம்பிக்கு, நம் பொட்டலத்துக்கு, காது கேட்கவில்லை. இரண்டு காதும்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போன மாதம் அவன் உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறான் என்று அப்பா கம்பி வைத்த கட்டிலும் கனமான பஞ்சு மெத்தையும் வாங்கி வந்தார், அதுவரை பலகைத் தரையில் பாயில்தானே கிடந்தான். வீட்டுக்குக் கீழே நம் பிரஸ்ஸில் ஒன்பது மணிக்கு அச்சு மெஷின் ஓடத் தொடங்கியதும் கண்ணை விழித்துக் கையைக் காலை உதறுவானே, மெஷின்காரர்கூட முதலாளி வர்றதுக்கு முன்னாடியே சின்ன முதலாளி டூட்டிக்கு வந்துடறாரு என்று சிரிப்பாரே, அந்தப் பிள்ளை மெத்தையில் படுத்த மறுநாள் ஒன்பதுக்கு விழிக்கவில்லை. மெத்தை சுகம், தூங்கட்டும் என்று விட்டேன். அடுத்த நாளும் விழிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் அவனை எடுத்துப் பழையபடி பாயில் கிடத்தினேன், மெஷின் ஓடியது, விழித்தான். ஐந்தாம் நாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். கீழே மெஷின் தடதடவென்று கிளம்பியது, என் பாதம் அதிர்ந்தது, அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தான், இமைகூட அசையவில்லை. அப்போது எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அவனை எழுப்பியது சத்தம் இல்லை, தரை. நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள், ஒலி திடப்பொருளில் எப்படிப் போகும் என்று உன் ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு மேஜையில் உன் காதை வைக்கச் சொல்லி மறுமுனையில் தட்டிக் காட்டியவள், என் வீட்டுத் தரை எனக்குத் தெரியவில்லை.

நீ லீவுக்கு வந்திருந்தபோது அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தாய். அம்மா இவன் திரும்பவே மாட்டேங்கிறான், கூப்பிட்டா பார்க்கலை, தரையைத் தட்டினா மட்டும் பார்க்கிறான், ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாமே என்று எவ்வளவு தன்மையாகச் சொன்னாய். நான் கடிகாரத்தைப் பார், ஒன்பது அடிக்கட்டும் என்றேன், மெஷின் ஓடியதும் அவன் உதறி எழுந்தான், பார்த்தியா என்று ஜெயித்தவள் மாதிரி உன்னைப் பார்த்தேன். வேற சத்தத்துலயும் பார்க்கலாம்மா என்று நீ மறுபடி சொன்னதும் எனக்கு என்ன வந்ததோ, ரெண்டு வருஷம் காலேஜ் போனதும் நீ டாக்டரா என்று கேட்டேன், அதோடு நிறுத்தினேனா. உனக்கு இந்த வயசுல தம்பி பொறந்ததே வெட்கம், அதான் அவன்கிட்ட குறை தேடுறே என்றேன். நீ அவனுக்காக மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாய். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். எனக்குப் பயம்டி. நீ சொன்னது எனக்கும் ஒரு மாதமாக உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது, அதை நீ வாய்விட்டுச் சொன்னதும் நீதான் அதை உண்டாக்கினாய் என்பதுபோல உன்மேல் பாய்ந்துவிட்டேன். அவன் பிறந்த ஆஸ்பத்திரியில் காதுச் சோதனை மெஷின் ரிப்பேராக இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள், அந்தச் சீட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. முன்னே கா என்றும் ஊ என்றும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவன் எட்டாம் மாதம் அடங்கிப்போனான், சமர்த்துப் பிள்ளை, வீடே அமைதி என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

சோதனையன்று அவனைத் தூங்க வைத்து நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டினார்கள். திரையில் கோடு மேலே எழும்பினால் கேட்கிறது என்று அர்த்தமாம். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அது மேஜை விளிம்பு மாதிரி நேராகவே போனது. அப்பா டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எங்க மெஷின் சத்தம்தான் கெடுத்துடுச்சாங்க என்று. இல்லை, பிறவியிலேயே இப்படி, உங்கள் மேல் தப்பில்லை என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அப்பா தலையாட்டினார், ஆனால் வீட்டுக்கு வந்ததும் பாதி ஓடிய வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாராம், மெஷின்காரர் மேலே வந்து என்னிடம் சொன்னார். இந்த வாரம் அவனுக்குக் கருவி மாட்டுகிறார்கள், அது போதாவிட்டால் ஒரு வயதுக்கு மேல் ஆபரேஷன் செய்யலாமாம், அப்போதும் பேச்சு வர வருஷக்கணக்கில் உட்கார்ந்து பழக்க வேண்டுமாம். எவ்வளவு சீக்கிரம் வந்தீர்களோ அவ்வளவு நல்லது என்றார் டாக்டர். உன்னால் கிடைக்க வேண்டிய ஐந்து மாதத்தை நான் அவனிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். பத்து மாதமாகத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன், ஒரு வரிகூட அவனுக்குப் போகவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, அது உன் இஷ்டம், எனக்கு அவசரமும் இல்லை. அவனுக்குத்தான் அவசரம். பேச்சுப் பயிற்சி தரும் பெண், வீட்டில் எல்லோரும் அவன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துப் பேச வேண்டும் என்றாள். போனில் அவனைப் பார்ப்பதாக இருந்தால் ஜன்னலுக்கு எதிரே வெளிச்சத்தில் உட்கார், முடியை முகத்தில் விழவிடாதே. படிப்பைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே, பரீட்சையை முடி, ராத்திரி பட்டினி கிடக்காதே. நீயும் அவனும் என்றும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வை. நேற்று அவனைப் பலகைத் தரையில் உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போய், நீ செய்வாயே, அதேபோல உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பினான். என்னைப் பார்த்தான், பிறகு தன் கையால் அவனும் தரையைத் தட்டினான். லீவுக்கு வரும்போது வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடாதே. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து இரண்டு தட்டுத் தட்டு. நாங்கள் இரண்டு பேரும் தரையில்தான் உட்கார்ந்திருப்போம்.

உன் அம்மா