கம்ப்ரஸர் ஓடும்போது

பிராண்டன், மனிட்டோபா
12 மே 1986

அடியே தோரா,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? நான் சேர்ந்துவிட்டேன். வலது கை மட்டும் சுரைக்காய் மாதிரி வீங்கிச் சேர்ந்திருக்கிறது.

வின்னிபெக் மாதிரி விமானப் போட்டியில் நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். அதற்குள் உன் வீட்டுக்காரர் ஐனர் உன் மணிக்கட்டைப் பிடித்துக் காருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். முழுக்கதையைக் கேள். அந்த மீசைக்கார நடுவர் உன் மஞ்சள் ஹார்வர்டு விமானத்தின் இறக்கை மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்: "இத வெளக்கமாத்தால பூசினாளா, நகப்பூச்சு பிரஷ்ஷால பூசினாளா?"

நானும் வருஷக்கணக்காக இதையேதான் உன்னிடம் சொல்கிறேன். ஆனால் நான் சொல்லலாம், கண்டவன் சொல்லக் கூடாது. சட்டையைப் பிடித்துத் திருப்பி வாயிலேயே ஒன்று விட்டேன். பல் ஒன்று தெறித்துப் போய் யாரோ செய்து வைத்திருந்த ஓடுபாதையில் விழுந்தது. ஆள் பின்பக்கமாக மேசையில் சரிந்ததில் இரண்டு குண்டுவீச்சு விமானங்கள் அப்பளமாக நொறுங்கின. அவற்றைச் செய்தவர்கள் அழுதார்கள். பல்லுக்காக யாரும் அழவில்லை. சங்கம் என்னை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டது.

போகட்டும். மஞ்சள் பிரஷ்ஷுக்கு அடங்காத நிறம் என்று குழந்தைக்கும் தெரியும். நாள் முழுக்கப் பட்டறையில் கார்களுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவள் சொல்கிறேன், ஏர்பிரஷ்ஷில் ஒரு மணி நேர வேலை. அதற்குக் காற்றடிக்கும் என் பழைய கம்ப்ரஸர் சும்மா கிடக்கிறது. உனக்கு அனுப்பப் போகிறேன்.

கை வலியுடனும் நிறைய அன்புடனும்,
லெஸ்யா

*

லுண்டார்
27 மே 1986

அன்பு லெஸ்யாவுக்கு,

உன் கை இந்நேரம் வற்றியிருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தை ஐனர்தான் பிரித்தார். வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் உன் குரலிலேயே வாசித்துக் காட்டினார். பல் தெறித்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இவள நான் கட்டியிருந்தா ஒரே வாரத்துல அடக்கியிருப்பேன்" என்றார். பெயிண்ட் பேச்சு வந்ததும் அலுத்துப்போய் என் பக்கம் தள்ளிவிட்டார். உங்கள் இருவருக்கும் பெயிண்ட் புராணத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் எழுதுவதையும் அவர் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். என் எழுத்துப் பிழைகள் அவருக்கு வேடிக்கை.

நம் ஸ்னாட்டி போய்விட்டது. ஐனர் உள்ளே வரும்போதெல்லாம் வாசலிலேயே குரைக்கும் அல்லவா, அது அவருக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுட்டுவிட்டார். முதல் குண்டு சரியாகப் படவில்லை. அதற்கு வலித்திருக்காது என்கிறார்.

கம்ப்ரஸர் வேண்டாம், லெஸ்யா. எனக்குச் சத்தம் ஆகாது. நிலவறைப் படியில் யார் கால் வைத்தாலும் காதில் விழுந்தால்தான் என் கை நிதானமாக இருக்கும். பிரஷ் சத்தம் போடாது. மஞ்சள் அடங்காத நிறம்தான், ஆனால் அடியில் வெள்ளை பூசி, தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்து, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததை வைத்தால் வந்துவிடுகிறது. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் வைத்தால் அடியிலிருப்பதையும் பிய்த்துக்கொண்டு வரும். எனக்கு அவசரமில்லை.

மணிக்கட்டைப் பற்றிக் கவலைப்படாதே, கார்க் கதவில் இடித்துக்கொண்டது.

அன்புடன்,
தோரா

*

பிராண்டன்
15 ஜூன் 1986

அடி அசடே,

ஸ்னாட்டிக்காக ஒரு பாடு அழுதேன். தலைவலி வந்தால் மனுஷன் மாத்திரை போட்டுக்கொள்வான். இதை ஐனரும் வாசிக்கட்டும். ஐனர், கேட்கிறதா? என் குரலில் நன்றாக வாசியுங்கள்.

கம்ப்ரஸரை மாடு ஏற்றும் லாரிக்காரரிடம் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை உன் வாசலில் இறக்குவார். வேண்டாம் என்றாயாம். உன்னை யார் கேட்டது? இருட்டில் குந்தி வாரக்கணக்கில் தடவிக்கொண்டிருக்க உனக்கென்ன தலையெழுத்தா? உன் நல்லதுக்குத்தான் செய்கிறேன். முகமூடி போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை, பெயிண்டை நீர்க்க வைக்கும் தின்னரில் கஞ்சத்தனம் பண்ணாதே.

இங்கே ஒரு கூத்து. கார்க் கதவுக்கு அடித்த சிவப்பு கோணலாக இருக்கிறது என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். கோணல் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன் என்று சொல்லிச் சுத்தியலால் அவன் முன்விளக்கு இரண்டையும் உடைத்தேன். முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். பிடிக்கட்டும், அன்று மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

உன்
லெஸ்யா

*

லுண்டார்
20 ஜூலை 1986

அன்பு லெஸ்யாவுக்கு,

கம்ப்ரஸர் வந்தது. ஐனருக்கு வெகு சந்தோஷம். "பாவம், என் பொண்டாட்டிக்கு இப்படியொரு சிநேகிதி" என்று அவரே நிலவறைக்குத் தூக்கிப்போய், சுவரைப் பார்த்த மேசைக்குக் கீழே பொருத்திக் கொடுத்தார்.

முதலில் ஒரு மாதம் தொடவில்லை. நேற்று அவர் வலை இழுக்க ஏரிக்குப் போன பிறகு போட்டேன். உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், இத்தனை வருஷம் நான் பூசியது பூச்சே இல்லை. மஞ்சள் தானாக வந்து உட்கார்ந்தது. கோடில்லை, திட்டில்லை. அந்த இரைச்சலில் அரை மணி நேரம் நான் எதையுமே கேட்கவில்லை. எதற்கும் காது கொடுக்காமல் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது முகமூடிக்குள் அழுகை வந்துவிட்டது. என்னைக் கேலி செய்யாதே.

போட்டியில் என் ஹார்வர்டைப் பார்த்த அருங்காட்சியகத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ஐனர் அதைப் பிரித்து முதல் இரண்டு வரி பார்த்துவிட்டு, பெயிண்ட் சமாசாரம்தான் என்று போட்டுவிட்டார்.

அன்புடன்,
தோரா

*

மருத்துவமனையிலிருந்து
30 ஆகஸ்ட் 1986

லெஸ்யா,

இந்தக் கடிதத்தை அவன் பார்க்க மாட்டான், செவிலிப் பெண் தபாலில் போடுகிறாள். இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இனிமேல் ஐனரை அவன் என்றே எழுதுவேன். எழுதிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். அவன் சாப்பாட்டுக்கு மேலிருந்து கூப்பிட்டிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை என்று நினைத்து இறங்கி வந்தான். படிச் சத்தமும் கேட்கவில்லை. காற்றுக்குழாய் கழுத்தைச் சுற்றி இறுகின பிறகுதான் ஆள் வந்ததே தெரிந்தது. நாற்காலியோடு தரையில் இழுத்தான். என் வலது கையைத் தரையில் வைத்து, பூட்ஸ் குதிகாலால் மிதித்தான். "இப்ப கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தான். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உடைந்துவிட்டன. படியில் விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஏன் பிரஷ்ஷைப் பிடித்துத் தொங்கினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன்மேல் எனக்குக் கோபமில்லை, உனக்கு எப்படித் தெரியும்?

இனிதான் முக்கியமான விஷயம். எனக்கு எழுதிய அந்த அருங்காட்சியகம் பக்கத்து மாகாணத்தில், மூஸ்ஜா ஊரில் இருக்கிறது. பயிற்சி விமான மாதிரிகளை வரிசையாக வைக்கப் போகிறார்கள், பூச ஆள் வேண்டுமாம். யுத்த காலத்தில் அசல் விமானங்களுக்குக் கொட்டகையில் பிரஷ்ஷால்தான் ஒட்டுப் பூச்சுப் போட்டார்களாம், அதனால் என் கோடுகளே வேண்டும் என்கிறார். சம்பளம், மாடியில் ஒரு அறை. பிரஷ் பிடிக்க மூன்று விரல் போதும். வாத்து வேட்டைக்கு அவனும் அவன் அண்ணன் ஓலியும் செப்டம்பர் இருபதாம் தேதி வடக்கே போவார்கள். அன்று காலை பஸ்ஸில் ஏறிவிடுவேன். பெட்டிக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பண்ணையில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அதுவரை ஒன்றும் செய்யாதே. பதில் எழுதாதே, போன் செய்யாதே, வராதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று வாரம் பொறு.

தோரா

*

பெண்கள் சிறை
19 அக்டோபர் 1986

என் கண்ணே தோரா,

இதற்கு முன் எழுதிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை. என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், போலீஸ்காரர்கள் சொன்னதை நம்பாதே.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பல்லைக் கடித்தேன். தினமும் பட்டறையில் காற்றுக்குழாயை எடுத்தால் உன் கழுத்துதான் தெரிந்தது. நான் அனுப்பிய குழாய். ஞாயிற்றுக்கிழமை காலை டயர் கழற்றும் இரும்பைப் பக்கத்து சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நீ கோயிலுக்குப் போயிருந்தாய். அவன் மீன் கொட்டகையில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தான். நான் பின்னாலிருந்து அடிக்கவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, "பல்லுடைக்கிறவ வந்துட்டாளா" என்று சிரித்தான். முதல் அடி அந்தச் சிரிப்பின் மேல். தாடை உடைந்தது கைக்குத் தெரிந்தது. அடுத்தது முழங்கை. மீன் வெட்டும் கத்தியை எட்டி எடுத்து என் தொடையில் செருகினான், அப்படியும் விடவில்லை. கீழே விழுந்த பிறகு மண்டையில் அடித்தேன். எத்தனை என்று கேட்காதே. ஓலி வந்து இழுத்தபோது வலை முழுக்க ரத்தம், என்னுடையதும் அவனுடையதும்.

எனக்கு வருத்தமில்லை, தோரா. உன் நல்லதுக்குத்தான் செய்தேன். அவன் சாகவில்லை, ஒரு பக்கம்தான் விழுந்துவிட்டது என்கிறார்கள். இனி உன்மேல் எவன் கை வைப்பான்?

என் வக்கீல் சொல்கிறார், அவன் உன்னை அடித்தது யாருக்கும் தெரியாது, டாக்டர் சீட்டிலும் படியில் விழுந்தாள் என்றுதான் இருக்கிறது. நீ வந்து சொன்னால் தண்டனை பாதியாகக் குறையும். சொல்லாவிட்டால் நான் ஒரு வெறிபிடித்தவள், அவ்வளவுதான். வருவாய்தானே? உன் கடிதத்தைக் கோர்ட்டில் காட்டச் சொன்னார், நீ சொல்லாமல் காட்ட மாட்டேன் என்றுவிட்டேன்.

உன்னைத் தவிர யாருமில்லாத,
லெஸ்யா

*

லுண்டார்
9 நவம்பர் 1986

லெஸ்யாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கால் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் செத்துவிட்டது. பேச்சு போய்விட்டது, என் பெயர் மட்டும் வருகிறது. பகலெல்லாம் அதையே கூப்பிடுகிறான். எவன் கை வைப்பான் என்று கேட்டிருந்தாய். இடது கை நன்றாக இருக்கிறது. கஞ்சி ஊட்டப் போகும்போது என் உடைந்த விரல்களைத் தேடிப் பிடித்து முறுக்குகிறான். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஊட்டப் பழகிவிட்டேன்.

ஓலி இங்கேயே குடிவந்துவிட்டான். உன்னை நான்தான் ஏவிவிட்டேன் என்று அவனுக்குச் சந்தேகம். நான் கடைக்குப் போனாலும் லாரியில் பின்னால் வருகிறான். கோயில் பெண்கள் வாரந்தோறும் ஏழடுக்குக் கேக் கொண்டுவந்து, "அந்த நல்ல மனுஷனுக்கு இப்படி ஆகணுமா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பாதி உடம்பாகிக் கிடப்பவனை விட்டுவிட்டுப் போகிறவள் இந்த ஊரில் மனுஷியே இல்லை. முழு உடம்போடு இருந்தவனை விட்டு நான் போயிருக்கலாம்.

செப்டம்பர் இருபதாம் தேதி காலை விசாரணைக்கென்று என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள். பஸ் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அருங்காட்சியகத்துக்காரர் ஒரு மாதம் காத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கேட்டேன், லெஸ்யா. என் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள் உன்னிடம் கெஞ்சினேன். கம்ப்ரஸர் வேண்டாம் என்றேன், அனுப்பினாய். வராதே என்றேன், வந்தாய். நீ என்மேல் வைத்த அன்பை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உன் நல்லதுக்குத்தான் என்று இரண்டு கடிதங்களில் எழுதியிருக்கிறாய். அந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்த பிறகு, என் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே அவன் சொல்வது அதுதான். அவனும் நான் சொன்ன எதையும் காதில் வாங்கியதில்லை.

பயப்படாதே, கோர்ட்டுக்கு வருவேன். கடிதத்தையும் காட்டச் சொல். ஓலியும் கோயில் பெண்களும் உட்கார்ந்து கேட்கட்டும். நாயிலிருந்து விரல் வரைக்கும் அவன் எனக்குச் செய்ததையெல்லாம் சொல்வேன். நீ எனக்குச் செய்ததையும் சொல்வேன். சொல்லி முடித்ததும் இந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன், ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். அதன் பிறகு நான் எங்கே இருப்பேன் என்பது உனக்கும் அவனுக்கும், இரண்டு பேருக்குமே தெரியாது.

தோரா