மூச்சு விட ஓர் இடம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

உன் பள்ளி வாத்தியக் குழுவுக்குக் கணினியில் இசைத்தாள் எழுத ஆரம்பித்திருப்பதாகவும், அந்த மென்பொருள் உன்னைப் படாத பாடு படுத்துவதாகவும் எழுதியிருந்தாய். நாடக அரங்கில் அதே வேலையைப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் நான், சொல்கிறேன் கேள். முதல் ஸ்வரத்தைப் போடும் முன்பே வாத்தியம், தாளம், சுருதி எல்லாவற்றையும் அமைத்துவிடு, பாதியில் மாற்றினால் வெள்ளையடிக்கக் கலைத்துப் போட்ட வீடு மாதிரி ஆகிவிடும். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்வரமாகக் குத்தாதே, மணிக்கட்டு போய்விடும். ஸ்வரத்துக்கு எழுத்து விசை, அதன் நீளத்துக்கு எண் விசை. கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விரல் தானாகப் போகும். கிளாரினெட் மட்டும் மற்றவர்களோடு சேராமல் ஒலிக்கிறது என்றாயே, அந்த வாத்தியத்துக்குத் தாளில் இருப்பது ஒன்று, காதில் விழுவது அதைவிடக் கொஞ்சம் கீழே. அதை மாற்றிக் காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது, அச்சடிக்கும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடு. பக்கத்தின் அழகை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள். பக்கம் முடிகிற இடத்தில் வாசிப்பவருக்கு ஓர் ஓய்வு வருகிற மாதிரி அமை, தாளைத் திருப்ப யாருக்கும் மூன்றாவது கை கிடையாது.

அப்பா ஏன் போனில் பேசவே வருவதில்லை என்று கேட்டிருந்தாய். மழைக்காலத்தில் ஒரு நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் அவருக்கு இடப்பக்கமாக வழிந்தது, நிமிர்ந்து பார்த்தால் முகம் பாதி தொங்கிவிட்டது. முக நரம்பில் வீக்கம், பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மூட முடியாமல் இருந்த இடக்கண் மூடத் தொடங்கியது, பேச்சும் ஓரளவு தெளிந்தது, உதடு மட்டும் திரும்பவில்லை. கிளாரினெட்டை வாயில் வைத்தால் ஓரமாகக் காற்று சீறிக்கொண்டு போகிறது. அவன்கிட்ட சொல்லாத, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான் என்று என் வாயைக் கட்டிவிட்டார். அரங்கில் அவர் கிளாரினெட் வாசித்த நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள், ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் ஊசி என்று கூப்பிடுகிறார்கள். அப்பா திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று அந்த மென்பொருளை அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, திட்டிக்கொண்டே, கிளாரினெட்டுக்கும் செல்லோவுக்கும் பியானோவுக்கும் ஒரு பாட்டு எழுதினார். எழுதியதைக் கணினியே வாசித்துக் காட்டுமே, அதுதான் வினையாகப் போயிற்று. நாள் முழுக்க அந்தப் பொய்க் கிளாரினெட்டை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்தபடி கேட்டால், ராகம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, ஓர் ஓய்வு கிடையாது. இதை யாருங்க ஊத முடியும், மூச்சு விட இடமே இல்லையே என்றேன். இதுக்கு மூச்சும் வேணாம், வாயும் கோணாது என்றார்.

அவரிடம் சொல்லாமலேயே போன ஞாயிற்றுக்கிழமை ஊசியையும், செல்லோ வாசிக்கிற நெட்டையனையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் அப்பா கையால் வாயை மறைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் பயந்தேன், ஜன்னலோரம் போய் நின்றார். நான் பியானோவில் உட்கார்ந்தேன், ஆரம்பித்தோம். முதல் பக்கம் முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, நடுவில் விட்டுவிட்டாள். மன்னிச்சுக்குங்க சார், எனக்கு இதுக்கு மேல இழுக்க முடியல, நீங்களா இருந்தா வாசிச்சிருப்பீங்க என்றாள். நெட்டையன் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, நானா இருந்தாலும் முடியாதும்மா, மனுஷனுக்கு எழுதுறோம்ங்கறதையே மறந்துட்டேன் என்றார். கணினி முன் உட்கார்ந்து, இங்க விடட்டுமா, அங்க விடட்டுமா என்று அவளிடமே கேட்டுக் கேட்டு, கோட்டுக்கு மேலே காற்புள்ளி மாதிரி மூச்சுக்குறிகளைப் போட்டார். நீயும் பிள்ளைகளுக்கு எழுதும்போது அதைப் போட மறக்காதே, ஒவ்வொரு வரியையும் நீயே பாடிப் பார்த்து உனக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே போடு. புதுத் தாளை வைத்து அவள் கடைசிவரை வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள். பியானோவிலிருந்து திரும்பிப் பார்த்தேன், அப்பாவின் விரல்கள் சட்டைமேல் அசைந்துகொண்டிருந்தன, உதட்டில் வலப்பக்கம் மட்டும் குவிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு அழுதார். திரும்பவும் டாக்டரைப் பார்த்தோம். இதுவரைக்கும் வராதது இனிமே வரும்னு நம்பிக்கை குடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து, இரண்டாவது பக்கத்துல செல்லோ ரொம்ப சத்தமா இருக்கு, அவ பாவம் அமுங்கிப் போறா என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தார். அந்த அளவுக்கு இருக்கிறார், அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதற்கில்லை. நீ ஓடி வர வேண்டாம். இனி அவரே போனை எடுப்பார் என்று நினைக்கிறேன், வார்த்தை கொஞ்சம் குழறும், புரியாவிட்டாலும் என்ன என்ன என்று திருப்பிக் கேட்காதே. எப்போது மறுபடி வாசிப்பீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்.

எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், கண்ணு. கணினிக் கோப்பைத் தினமும் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வை, குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

எப்போதும் உன் நினைவில்,
அம்மா