பென்னி இனி குட்டி போடமாட்டாள்

மில்டூரா,
பிப்ரவரி 19.

அன்புள்ள ரொவீனாவுக்கு,

தெல்மா எழுதுகிறேன். இங்கே நானும் நெவிலும் சுகம். அங்கே உன் சுகத்தைக் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அதற்குமேல் இனிப்பாக எழுத என் கை வளையவில்லை. போன் செய்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், கிழித்துக்கொள். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

முதலில் விஷயம். பென்னிக்குக் கருப்பையை எடுத்தாயிற்று. மூக்கையும் தொண்டையையும் சரிசெய்ய மயக்கம் கொடுத்தபோதே அதையும் செய்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். நெவில் இல்லை, டாக்டர் இல்லை, நான். வக்கீலை ஏவுவேன் என்றாயே, என்மேல் ஏவு. விலாசம் உனக்குத் தெரியும்.

என்ன நடந்தது என்பதை நீ கேட்கவே இல்லை. ஆகையால் நானே சொல்கிறேன்.

"வர்ற வாரம் அவளுக்குப் பருவம் வந்துரும், அதுக்கு முன்னாடி பாலரட்டுக்குக் கொண்டாந்து விட்டுடு" என்று நீ சொன்ன அன்று இங்கே வெயில் நாற்பத்து மூன்று. கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. புல்டாக்கை இந்த வெயிலில் அவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது, வெயில் தணிய ஏப்ரல் வரட்டும் என்றேன். "பருவம் என்ன உன் காலண்டரப் பாத்துட்டா வரும்? வெளிநாட்டுச் சாம்பியனோட விந்து வாங்கி உறைய வெச்சிருக்கேன், அது விலை தெரியுமா உனக்கு?" என்றாய். தெரியாது ரோ. பென்னியின் கண்ணோரச் சதையை வெட்டியதற்கும், அவள் தோல் மடிப்புகளுக்குத் தடவும் மருந்துக்கும், தனிச் சாப்பாட்டுக்கும் என்ன விலை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதெல்லாம் என் செலவு, குட்டிகள் உன் வரவு. அதுதானே நம் ஒப்பந்தம்.

கடைசியில் உன் பிடிவாதத்துக்கு இணங்கி இருட்டோடு கிளம்பினோம். வழியில் ஹட்டா என்ற ஊரைத் தாண்டியதும் வண்டியின் ஏசி நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினால் அடுப்பைத் திறந்த மாதிரி காற்று. ஈரத் துண்டை அவள்மேல் போட்டு என் தொப்பியால் விசிறிக்கொண்டே வந்தேன். அடுத்த ஊரான ஔயனை நெருங்கும்போது அவள் நாக்கு ஊதாவாகிவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம், மரம் அறுக்கிற சத்தம், திடீரென்று நின்றது. அந்தச் சத்தத்தைவிட அது நின்றதுதான் பயங்கரம்.

பேக்கரி ஒன்று திறந்திருந்தது. நெவில் இருபத்தாறு கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். மாவுக் கையோடு நின்ற அந்தப் பேக்கரிக்காரருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. "சுகாதார ஆபீசர் பாத்தா என் கடைக்குப் பூட்டுப் போடுவான். போட்டுட்டுப் போறான், தூக்கிட்டு வாங்க" என்று சொல்லி, கேக் அடுக்கி வைக்கும் குளிர் அறையைத் திறந்துவிட்டார். தண்ணீரை ஊற்றினோம், மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். அவருடைய மனைவி தரையில் உட்கார்ந்து பென்னியின் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வந்ததும் அவர்களுடைய குளிர் வேனிலேயே மில்டூராவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டீசலுக்குப் பணம் நீட்டினால், "நாய் பிழைச்சா ஒரு போட்டோ அனுப்புங்க, போதும்" என்றார். அந்த மனிதருக்கு நாய் முடி என்றாலே ஒவ்வாமையாம், வழியெல்லாம் தும்மிக்கொண்டே ஓட்டினார்.

மிருக ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் பிரையனி காத்திருந்தார். தொண்டைக்குள் குழாயை விட்டு, ஆக்சிஜன் வைத்து, நெஞ்சில் காதை வைத்தபடியே இருந்தார். அந்த வராந்தாவில் நின்றுதான் உனக்குப் போன் செய்தேன். பென்னி சாகக் கிடக்கிறாள் என்றேன். நீ கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? ஞாபகம் இல்லையென்றால் சொல்கிறேன். "பருவம் வந்திருச்சா?"

அதோடு விட்டாயா? குட்டி எடுக்க மூன்றாவது அறுவையை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். உடனே நீ, "அதெல்லாம் தாங்குவா. மூணாவதுல போனது கிளாராவோட ராசி, இவ அவ அம்மா மாதிரி இல்ல, பலசாலி" என்றாய். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உனக்கே உறைத்தது. போனைப் பட்டென்று வைத்துவிட்டாய்.

கிளாரா தூக்கத்தில் செத்தாள் என்றல்லவா சொன்னாய்? "நிம்மதியா போயிட்டா தெல், வலியே இல்ல" என்று அழுதாய். நானும் அழுதேன். உன் வாசலுக்குப் பூ அனுப்பினேன். பென்னியை மடியில் வைத்துக்கொண்டு, உன் அம்மா புண்ணியவதி, நோகாமல் போனாள் என்று அவள் காதில் சொன்னேன். ஐந்து வயது நாய், அறுவை மேசையில் வயிறு திறந்தபடி செத்திருக்கிறது. அது தெரிந்தும் அதே மேசைக்கு அவள் மகளை அனுப்பச் சொன்னாய். பொய்யைக்கூட மன்னிப்பேன் ரொவீனா. இந்த இரண்டாவதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பிரையனி ஒரு சொல்கூடக் கோபமாகப் பேசவில்லை. பென்னியின் மூக்குத் துவாரத்தைக் காட்டினார். அரிசி நுழையாது. உள்ளே அண்ணத்துச் சதை நீண்டு தொங்கி மூச்சுக்குழாயின் வாயை அடைக்கிறதாம். "ஸ்ட்ரா ஒண்ணை வாயில வெச்சு, மூக்கைப் பொத்திக்கிட்டு, மாடிப்படி ஏறிப் பாருங்க. இவ நாள் முழுக்க அப்படித்தான் வாழறா" என்றார். நான் வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். நம் வீட்டில் மாடி இல்லை. ஆற்றங்கரை மேட்டில் ஏறினேன். பாதியில் ஸ்ட்ராவைத் துப்பிவிட்டேன். அவளால் துப்ப முடியாது.

இன்னொன்றும் சொன்னார். இந்த இனத்துக்கு மயக்கம் கொடுப்பதே ஆபத்து. மயக்கம் தெளிந்து குழாயை எடுக்கும் நேரம்தான் அதிலும் ஆபத்து. அதனால் மூக்கு, அண்ணம், கருப்பை எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடுவது நல்லது என்றார். "ஆனா கருப்பையை எடுத்தே ஆகணும்னு நான் சொல்லல. அது நீங்க எடுக்கற முடிவு. வம்சப் பத்திரம் உங்க தங்கச்சி பேர்ல இருக்கு, நகராட்சிப் பதிவும் தோலுக்குள்ள வெச்ச அடையாளச் சிப்பும் உங்க பேர்ல இருக்கு. உங்களுக்குள்ள சண்டை வரும், யோசிங்க" என்றார். நான் யோசிக்கவில்லை. பேனாவைக் கேட்டேன்.

நீ அவளைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இனாமாத் தர்றேன் தெல், மூணு ஈத்து மட்டும் எனக்கு" என்றாய். பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டு தடவை வந்து கூட்டிப்போனாய். இரண்டு தடவையும் வயிற்றில் தையலோடு, முலையெல்லாம் தொங்க, குட்டிகள் எங்கே என்று கதவருகில் மூக்கை வைத்து நிற்கும் ஒருத்தியைத்தான் என்னிடம் திருப்பிக் கொடுத்தாய். ஊசியில் சினை, கத்தியில் பேறு. தானாகச் சேரவும் முடியாத, தானாகப் பெறவும் முடியாத ஒரு பிராணியை இப்படி வளைத்து வளைத்துச் செய்து வைத்தது யார்? கடவுளா? அவர்மேல் பழி போடாதே, அவர் நாய்ப் போட்டியில் ரிப்பன் கட்டுவதில்லை.

அவள் மூச்சு இழுப்பைச் சொன்னால், "அது அந்த இனத்தோட குரல், உனக்குப் பழக்கமில்ல" என்பாய். குறட்டையைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் சிரிப்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். ரோ, நீ சிறு பிள்ளையாக இருந்தபோது உன்னால் படுத்துத் தூங்க முடியாது. அம்மா உன்னை நெஞ்சோடு சாய்த்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பாள். உனக்கு ஆஸ்துமா. அந்த இழுப்பை நான் பக்கத்துக் கட்டிலில் கேட்டுக் கிடந்தேன். யாராவது அதை உன் "குரல்" என்று சொல்லிச் சிரித்திருந்தால் அம்மா அவர்கள் மூஞ்சியில் கெட்டிலை வீசியிருப்பாள். உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரிய வேண்டாமா?

இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பிறவிக் குறையாம், தரமாட்டார்களாம். அவர்கள் அகராதியில் பிறவிக் குறை, உங்கள் போட்டி மேடையில் இனத்தின் அழகு. ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. நெவில் தன் அலுமினியப் படகை விற்றுவிட்டார். நான் கேட்கவில்லை; காலையில் எழுந்து பார்த்தால் கொட்டகை காலி. "மீன் கரையிலிருந்தும் கடிக்கும்" என்றார், அவ்வளவுதான். இதை நீ திருப்பித் தர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. "என் சோத்துல மண்ணைப் போட்டுட்ட" என்று கத்தினாயே, அதற்காக எழுதுகிறேன். யார் சோறு, யார் மண் என்று நிதானமாக யோசித்துப் பார்.

உன் புருஷன் காவன் உன்னை விட்டுப்போன பிறகு இந்த நாய்கள்தான் உனக்கு வீடு, பிழைப்பு, பேச்சுத்துணை எல்லாம். எனக்குத் தெரியாதா? கூடத்தில் அந்த ரிப்பன்களைத் தவிர உன்னைப் பாராட்டி ஒரு பொருளும் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் தனிமைக்குப் பென்னி கொடுக்கக்கூடியதை இரண்டு தடவை கொடுத்துவிட்டாள். இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

அடுத்து ரூபி. பென்னியின் முதல் ஈற்றில் நீ உனக்கென்று வைத்துக்கொண்டவள். அவளுக்கும் வருகிற குளிர்காலத்தில் சினை ஊசி போடப் போகிறாய் என்று உன் பக்கத்து வீட்டு ஹேசல் சொன்னாள். அவளைத் திட்டாதே, அவளுக்கு உன்மேல் அக்கறை. ஊசி போடுவதற்கு முன் ரூபியின் மூச்சைச் சோதிக்க டாக்டர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, நடைக்கு முன்னும் பின்னும் நெஞ்சைக் கேட்டு, மார்க் போடுகிறார்கள். அவள் தேறவில்லையென்றால் அவளை அம்மாவாக்காமல் வெறும் நாயாக மட்டும் வைத்துக்கொள். உலகம் முழுகாது. உன்னைப் போன்றவர்களே நல்ல மூச்சுள்ள நாயைத் தேடி வளர்த்தால்தான் இந்த இனம் பிழைக்குமாம், டாக்டர் சொன்னார். உனக்கு நாயைப் பற்றித் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். தெரியாதவள் செய்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. நாங்கள் வாடகைக்கு விடும் கேரவன் பார்க்கில் பாதி காலி. இந்த வெயிலில் யார் வருவார்கள்? ஏசியைச் சரிசெய்தாயிற்று.

பென்னி தேறிவருகிறாள். கழுத்துப் பட்டையை எறிந்துவிட்டு மார்பில் மாட்டும் வார் வாங்கியிருக்கிறோம். விடியும் முன் மட்டும் நடை. எடை குறைய வேண்டுமென்று டாக்டர் உத்தரவு. நெவில் டோஸ்ட் விளிம்பைக் கீழே போட்டால் எனக்குத் தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாள் மதியம் நெவில் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "தெல்மா, சத்தமே வரல, போயிட்டாடி!" ஓடிப்போய்ப் பார்த்தேன். பென்னி வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். ஐந்து வருடத்தில் அவள் வாய் மூடித் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. அதற்குள் நெவில் அவளை உலுக்கி எழுப்பிவிட்டார். அவள் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய், நம் இருவருக்குள் பொய் போதும். ஆனால் ஏப்ரலில் வெயில் தணிந்துவிடும். ஆற்றோர அறையை யாருக்கும் கொடுக்காமல் வைக்கிறேன். ரூபியை ஏற்றிக்கொண்டு வா, கூண்டில் வேண்டாம், முன்சீட்டில். டாக்டர் பிரையனியிடம் அவளைக் காட்டுவோம். நான் வாசலில் நிற்கிறேன், உள்ளே நீ மட்டும் போ. பிறகு வந்து பென்னி பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார். நான் பேசமாட்டேன். திட்ட வேண்டியதை இதிலேயே திட்டிவிட்டேன்.

வராமலிருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். காட்டுத்தீப் புகை அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவை. உன் மூச்சு மருந்தைப் பைக்குள் மறக்காமல் வைத்துக்கொள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அதில் யாரிடமாவது நிஜத்தைச் சொல்லும் ஒரு நாளையும் தரட்டும்.

உன்னைத் தங்கை இல்லையென்று சொல்ல முடியாத,
அக்கா
தெல்மா