கழகம் எழுதாத கடிதம்

மச்சான்,

நம் ஜீப் கழகத்தின் ஆண்டு மலர் நேற்றுத் தபாலில் வந்தது. பளபளக்கும் தாள். விரித்ததும் புது மையின் மணம் மூக்கில் ஏறியது. நடுப்பக்கத்தில் உன்னுடைய வரைபடம். நக்கிள்ஸ் மலைச்சரிவில் நாம் இருவரும் நான்கு தடவை நடந்து பார்த்து, ஐந்தாம் தடவை நீ தனியாகப் போய்ச் சரிபார்த்த அதே பாதை. ஆறு கடக்கும் மூன்று இடங்கள், வழுக்குப் பாறை, ஜீப்புகளைத் திருப்ப இடமுள்ள வளைவு எல்லாமே உன் கைக்கோடு. கீழே "கழக ஆவணத்திலிருந்து" என்று போட்டிருக்கிறார்கள். உன் பெயர் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஓரத்தில் நீ தமிழில் எழுதியிருந்த குறிப்புகளை யாரோ கணினியில் துடைத்துவிட்டிருக்கிறார்கள். "இங்க இறங்கி நட." "மழைன்னா திரும்பு." "முதியான்சேட்டக் கேட்டுட்டுப் போ." ஒன்றும் இல்லை. அந்த இடமெல்லாம் வெறும் வெள்ளை.

மலரோடு ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. முன்னாள் செயலாளர் என்ற முறையில், பழைய நாட்களைப் பற்றி "மகிழ்ச்சியான நினைவுகளாக" இரண்டு பந்தி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை. உனக்குத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலைகளை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி கொட்டாஞ்சேனைக்கு, உன் கராஜுக்கு வருவேன். பழைய லேண்ட் ரோவரின் பொனட்டின் மேல் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத் தாள்களை விரித்துவைத்திருப்பாய். துறைமுகத்து லொறிகள் வீதியில் போகும்போதெல்லாம் பொனட் அதிரும். நீ பென்சிலைத் தூக்கிக்கொண்டு லொறி போகும்வரை காத்திருப்பாய். எத்தனை வண்டி, எது முன்னால், எது கடைசியில், புதைந்த வண்டியை இழுக்க வின்ச் யாருடைய வண்டியில், கயிறு யாரிடம், அட்டைக்கடிக்கு யார் சவர்க்காரம் கொண்டுவருவது என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாய், நான் எழுதுவேன். ஆற்றின் ஆழம் பார்க்க நீ வைத்திருந்த தடியில் உன் ரெஜினாவின் நகப்பூச்சால் அடி அடியாகக் கோடு போட்டிருந்தாய். முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"திரும்பி வாற வழிய முதல்ல கீறு. போற வழிய பிறகு பாக்கலாம்."

கழகத்துக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குப் புது வண்டிகள், புது டயர்கள், பெரிய வீடுகள். வழி தெரியாது. வழி தெரிந்தவன் நீ ஒருவன்தான். வயலுக்கு அருகால் வண்டி போகுமென்றால் வயற்காரனிடம் முன்கூட்டியே போய்க் கேட்டுவிட்டு வருகிறவனும் நீ ஒருவன்தான். முதியான்சே உன்னை அறிந்தது அப்படித்தான். அந்தப் பாதையின் முடிவில் அவருடைய வயலும் களமும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் பஸ்ஸில் போய், அவருடைய வீட்டில் தேநீர் குடித்து, கேட்டுவிட்டு வருவாய். பயணம் முடிந்ததும் நான் கழகத்தின் பெயரில் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்புவேன்.

உன்னைப் பிடித்தது ஒரு வியாழக்கிழமை முற்பகல். நீ பாதை பார்த்துவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தாய். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஆசனத்துக்குக் கீழே நில வரைபடங்கள், திசைகாட்டி, கத்தி, கயிறு, இரண்டு பெற்றோல் கேன். எல்லாவற்றுக்கும் மேலே கையால் கீறிய ஒரு வரைபடம், அதில் தமிழ் எழுத்து. அடையாள அட்டையிலும் தமிழ்ப் பெயர். யுத்தம் நடக்கிற நாட்டில் அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்?

"கழகத்துக்காகக் கீறினேன்" என்று நீ சொன்னாய். யாரைக் கேட்கலாம் என்றார்கள். நீ தலைவரின் பெயரைச் சொன்னாய். செயலாளர் நான். உன் வரைபடங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறவன் நான். என் பெயரை நீ சொல்லவில்லை. என் வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்காவின் பெண்கள் இருவர் தங்கியிருந்தார்கள், கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்கதவு தட்டப்படும்போதெல்லாம் நடுங்கினார்கள். அது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

பொலிஸிலிருந்து கழகத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் சொன்ன பதில்: "உறுப்பினர்தான். ஆனால் அவர் வைத்திருந்த வரைபடங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது."

ஒன்றும் தெரியாதாம். அந்த ஆள் அதற்கு முந்தைய மாதம் உன் வரைபடத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டுதான் மலையேறினார்.

மறுநாள் காலை ரெஜினா என் வீட்டுக்கு வந்தாள். செருப்புக்கூட மாறிப் போட்டிருந்தாள்.

"அண்ணன், அவரப் புடிச்சிட்டாங்க. ஒரு கடுதாசி குடுத்தா விட்டுருவம்னு அந்த பொலிஸ் ஐயா சொல்றாரு. கிளப்புக்குத்தான் மெப் கீறினாருன்னு எழுதினாப் போதுமாம்."

"நாளைக்கு கொமிட்டி இருக்கு தங்கச்சி. நான் கதைக்கிறன்" என்றேன்.

கதைக்கவில்லை, மச்சான். இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தலைவர் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் இருந்தோம். சான்ட்விச் வந்தது. கூட்டம் வழக்கம்போல ஆங்கிலத்தில் நடந்தது. "இது வாகனக் கழகம். இதற்குள் அரசியலைக் கொண்டுவரக் கூடாது" என்றார் தலைவர். "காட்டுக்குள் போக எங்களுக்கு அனுமதி தருகிறவர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது" என்றார் பொருளாளர். நம்முடைய டொக்டர், நம்முடைய தமிழர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கையெழுத்து வைக்கிறவனையும் தேடி வருவார்கள். கொஞ்சம் பொறுப்போம்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "விடயம் ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். கழகத்தின் பெயர் அச்சிட்ட தாள் ஒரு கட்டு என் மேசை லாச்சியில் கிடந்தது. தட்டச்சு இயந்திரமும் வீட்டில்தான் இருந்தது. எனக்கு அக்காவின் பிள்ளைகளைப் பற்றிய பயம். அந்தப் பயம் உண்மை. ஆனால் உனக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் என்னைக் காப்பாற்றினாய். நான் உனக்கு என்ன செய்தேன்?

அதோடு நிற்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அவர்கள் அதே பாதையில் பயணம் போனார்கள். ஏற்கெனவே ஒழுங்கு செய்தாயிற்று, நிறுத்த முடியாது என்றார்கள். நீ பொலிஸ் கூண்டுக்குள் இருக்க, உன் வரைபடத்தின் பழைய பிரதியிலிருந்து பதினொரு பிரதி எடுத்து, வண்டிக்கு ஒன்றாகக் கொடுத்தவன் நான்தான். நான் போகவில்லை. அதை ஒரு பெரிய எதிர்ப்பு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் பகல் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்காவின் பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். திறந்தால் முதியான்சே. தோளில் ஒரு பை, கையில் வீட்டில் காய்ச்சிய கித்துல் பாணிப் போத்தல், சட்டைப்பையில் நான் அனுப்பிய நன்றிக் கடிதங்கள். அவற்றிலிருந்த முகவரியைக் காட்டிக் காட்டி, பஸ்ஸுக்கு மேல் பஸ் ஏறி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் கேட்டார்.

"ஜீப்காரர்கள் வந்தார்கள். மெப் கீறுகிற மாத்தயா வரவில்லை. எங்கே என்று கேட்டேன், பிடித்துவிட்டார்கள் என்றார்கள். யார் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். நீங்கள் போனீர்களா?"

"இல்லை" என்றேன்.

"ஏன்?"

அவர் என்னைத் திட்டவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் பொலிஸில் சொல்கிறேன்" என்றார். "என் வயலுக்குள் வண்டி இறங்கக் கூடாது என்றுதான் அந்த மனுஷன் மெப் கீறினார். அதைச் சொல்ல எனக்கு என்ன பயம்? எந்த பஸ் என்று மட்டும் சொல்லுங்கள்."

அவரை உட்கார வைத்துவிட்டு, அந்தத் தாளை எடுத்துத் தட்டச்சு செய்தேன். இன்னார் எமது கழகத்தின் பாதை ஒழுங்கமைப்பாளர், அவரிடமிருந்த வரைபடங்கள் கழகத்தின் வேண்டுகோளின்படி தயாரிக்கப்பட்டவை, செயலாளராகிய நான் அவற்றைப் பிரதி எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து, பெயர், வீட்டு முகவரி. இருவருமாகப் போனோம். முதியான்சே அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று, கொண்டுவந்த பாணிப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, உன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?" என்றார் என்னிடம்.

பொலிஸ்காரன் கேட்கிறான், மச்சான்.

அன்றைக்கே விடவில்லை. அதற்குள் நீ வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தாய். ரெஜினா கேட்ட அன்றைக்கே அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் பொலிஸிலிருந்தே வீட்டுக்கு வந்திருப்பாய். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வழக்கு இல்லை, குற்றம் இல்லை. வந்தபோது உன் வலது கைப் பெருவிரல் மடங்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். "விடு" என்றாய். அதற்குப் பிறகு நீ பென்சில் பிடித்துக் கோடு கீறவே இல்லை.

அனுமதியின்றிக் கழகத்தின் பெயரைப் பயன்படுத்தியதற்காக என்னைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அதற்குக் கூட்டம் உடனே கூடியது. அந்த விடயம் ஒத்திவைக்கப்படவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு நீ அவர்களோடு மறுபடி பயணம் போகப்போகிறேன் என்றாய். கொட்டாஞ்சேனைக் கோயில் சந்தியில், சனம் பார்க்க, உன்னைப் பார்த்துக் கத்தினேன்.

"உனக்கு வெக்கமில்லையோடா? உன்னைத் தெரியாதெண்டு சொன்னவங்களோட போய் ஒண்டா இருந்து சாப்பிடப்போறியோ?"

நீ கத்தவில்லை.

"நான் போகாட்டி, அவங்க சொன்னது உண்மையாயிடும். களவாத்தான் கீறினான், அதான் மூஞ்சியக் காட்டாமத் திரியிறான்னு சொல்லுவாங்க. அந்த வழி நான் நடந்து கண்டுபிடிச்சது, மச்சான். நான் ஏன் ஒளிக்கணும்?"

"அப்ப போ. இனி என்ர வாசலுக்கு வராத."

அதுதான் நான் உன்னோடு கடைசியாகக் கதைத்தது. ஒன்றரை வருடம். ரெஜினா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள், நான் வரவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். பாதி கோபம். மீதி, விறாந்தையில் நான் வாய் திறக்காமல் இருந்ததை உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வருமே என்ற பயம். ஒருநாள் காலை கராஜில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் சவ அடக்கத்தில்தான் முதியான்சே, நீ மறுபடி போன அந்தப் பயணத்தில் நடந்ததைச் சொன்னார். அவருடைய களத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து நின்றாயாம். "என் மெப்பைத் தெரியாது என்று பொலிஸுக்குச் சொன்னது யார்?" என்று சிங்களத்தில் கேட்டாயாம், அவருக்கும் விளங்கட்டும் என்று. ஒருவரும் நிமிரவில்லையாம். கோப்பை ஆறும்வரை அப்படியே நின்றாயாம். பிறகு, "சரி, நான் முன்னால் போகிறேன்" என்று வண்டியை எடுத்தாயாம். ஆற்றங்கரையில் தலைவரை இறங்கச் சொன்னாயாம். ஆழத்தை அவரே நடந்து பார்த்துச் சொன்னால்தான் வண்டிகள் இறங்கும் என்றாயாம். இடுப்பளவு தண்ணீரில், சப்பாத்தோடு, அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தாராம் அந்த மனிதர். சொல்லிக்கொண்டே முதியான்சே சிரித்தார், பிறகு அழுதார். நான் அந்த ஆற்றங்கரையில் இருந்திருக்க வேண்டும். உன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள்மேல் உள்ள கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு அவர்களில் ஒருவராவது பதில் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில் வெள்ளவத்தையில் லொட்ஜ் லொட்ஜாகச் சுற்றிவளைத்துத் தமிழ் ஆட்களைப் பிடித்தார்கள். ஒருநாள் காலை, அடுத்த ஒழுங்கையில் இருந்த ஒரு ரீச்சர் வந்து கேற்றடியில் நின்றார். வவுனியாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்த தம்பியைக் கொண்டுபோய்விட்டார்களாம். "தெரிஞ்ச ஆள் எண்டு ஒரு கடிதம் தருவியளோ, ஐயா?" என்றார். அதற்கு முன்னர் எத்தனை வீட்டில் கேட்டிருந்தாரோ, குரலில் ஒரு நம்பிக்கையும் இல்லை.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் என் மனைவி உள்ளே இருந்து. "பேரையும் அட்ரஸையும் போட்டுக் குடுக்கப்போறியளோ?"

"ஓம்" என்றேன்.

எழுதினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, கையெழுத்து. ரீச்சர் அதை வாங்கிக்கொண்டு வீதிக்கு ஓடினார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அப்படித்தான், கேட்ட அந்த இடத்திலேயே. எத்தனை பேருக்கு எழுதினேன் என்று நினைவில்லை. அன்றைக்கு ரீச்சர் போனதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

அவர் கேட்டதிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.