தீவில் அப்பா அடித்த சீட்டி

என் செல்லக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அதுவரை நிஜம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? நேற்று போனில் உனக்குத் தொண்டை கட்டியிருந்ததே, வெந்நீர் குடி, ஐஸ் தண்ணீர் பக்கமே போகாதே. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன கண்டக்டர்கள், டிரைவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு படகில் ஒரு தீவுக்குப் போனோம். கலங்கரை விளக்கம், ஒரு குகை, பிறகு கடற்கரை. தண்ணீர் அப்படி ஒரு பச்சை. நான் முழங்கால் வரை இறங்கி நின்றேன், எனக்கு வாயெல்லாம் பல், அப்பா கிண்டல் செய்து மாளவில்லை. கிளம்பும்போது நான் சிப்பி பொறுக்கிப் பின்தங்கிவிட்டேன். காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதிய மனுஷன் சும்மா இருப்பாரா? சின்ன வயதில் கூட்டத்தில் உன்னைக் கூப்பிட வாயால் ஒரு சீட்டி அடிப்பாரே, இரண்டு குட்டை ஒரு நெட்டை, அதை அடித்தார். குகைப் பக்கமிருந்து பதில் வந்தது. எதிரொலி என்றால் அப்படியேதானே வர வேண்டும்? வந்தது உன் பதில். முன்பல் விழுந்திருந்தபோது கடைசியில் ஒரு இழுப்பு இழுத்துக் காற்றாக முடிப்பாயே, அந்த இழுப்போடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பா சந்தோஷத்தில் மறுபடி அடித்தார், மறுபடி வந்தது, இந்தத் தடவை பக்கத்தில். படகுக்காரர் ஓடி வந்து, இங்க சீட்டி அடிச்சு யாரையும் கூப்பிடக் கூடாதுங்க, கூப்பிட்டா கூடவே வந்துடும் என்று அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போனார். திரும்பும்போது அப்பா பழக்கதோஷத்தில் தலை எண்ணினார், ஒரு தலை கூடுதல். டிக்கெட் எடுக்காத ஆள் ஒண்ணு ஏறியிருக்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். படகுக்காரர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தோமே, அந்தச் சீட்டியை ஒரு தரம் அடி என்று அப்பா கேட்டாரே. வெறும் காத்துதான் வருதுப்பா, எப்படி அடிக்கிறதுன்னே மறந்துடுச்சு என்று நீ சிரித்தாய். போன மாதம்கூட அடித்துக் காட்டினவள் நீ. மறுநாள் சாயங்காலம் நம் பின்கதவுக்கு வெளியே அந்தச் சீட்டி கேட்டது. இப்போது தினமும் கேட்கிறது. காலையில் படியில் ஈர மணல் கிடக்கிறது, நான் பெருக்கித் தள்ளுகிறேன். குழந்தை நனைஞ்சு நிக்குதுடி, திறந்து விடேன் என்று அப்பா கெஞ்சுகிறார். உங்கள் குழந்தை அங்கே ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன், தூங்கும்போதும் எடுப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. உன்னிடமிருந்து சீட்டி போன மாதிரி இன்னும் என்னென்ன போகுமோ என்பதுதான் பெரிய பயம்.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லாதே, மாமியாருக்கு மறை கழன்றுவிட்டது என்பார். இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் அந்தச் சீட்டியைப் பழகு, வரும்வரை பழகு, வந்ததும் போனில் அப்பா காதில் ஒரு தரம் அடி. அப்போதுதான் வெளியே நிற்பது நீ இல்லை என்று அவர் நம்புவார். சீக்கிரம் செய். இன்றைக்கு அது சீட்டி அடிக்கவில்லை, உன் குரலில் அம்மா என்று கூப்பிட்டது. சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகுதான் உட்கார்ந்து இதை எழுதினேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா