மலை நிழலில் வைத்த புள்ளிகள்

பெசன்ட் நகர்,
சென்னை – 90.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அஸ்வின் அவர்களுக்கு,

ஸ்வர்ணலதா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் நலம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. உங்கள் வக்கீல் அனுப்பிய விவாகரத்து நோட்டீஸ் வந்த அன்று அவர் கண்ணில் கட்டு இருந்தது நல்லதாகப் போயிற்று. என்ன கவர் என்று கேட்டார். கேஸ் கம்பெனிக் கடிதம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்லோவில் பேசப்போகிறீர்களாம். பேச்சு நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரமாமே. அந்தப் பனியாறு ஆண்டுக்கு நாற்பது மீட்டர் நகர்கிறது என்ற கண்டுபிடிப்புக்குத்தானே இத்தனை மரியாதை! அதற்காகப் பழைய செயற்கைக்கோள் படங்கள் இரண்டை அருகருகே வைத்து, இதில் இருக்கும் இடம் அதில் எங்கே போயிருக்கிறது என்று தேடித் தேடி இரண்டாயிரம் புள்ளிகள் வைத்தவள் நான். உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் நந்தனம் மெஹபூப் பாஷா டீக்கடைகூட இருக்கிறது. நான் இல்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஒரு படம் ஆகஸ்டில் எடுத்தது, மற்றது சில வருஷம் கழித்து நவம்பரில் எடுத்தது என்று அன்றே சொன்னேன். நவம்பரில் சூரியன் தாழ்ந்துவிடும், மலையின் நிழல் நீளும், நாம் புள்ளி வைத்ததெல்லாம் நிழலின் விளிம்பில், நகர்ந்தது நிழல்தான், பனி இல்லை என்றேன். "நீ புள்ளி வெச்சாப் போதும். யோசிக்கறத நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் வெவ்வேறு வருஷங்களில், ஆனால் ஒரே மாதத்தில் எடுத்த படங்களாகத் தேடிப் பிடித்து நானே அளந்தேன். ஆண்டுக்கு இரண்டு மீட்டர்கூட இல்லை. எல்லாவற்றையும் உங்கள் தேர்வுக் குழுத் தலைவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

உங்களுக்கு மட்டும் தபால். போஸ்ட் ஆபீஸ் அம்மாள், "பன்னெண்டு நாளாவது ஆவும்மா. அவசரம்னா போன்ல சொல்லிடேன்" என்றார். அவசரமில்லை என்றேன்.

பேச்சு நேரலையில் வருகிறதாம். மகனைப் பார்க்க அத்தை இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு நேர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன். இப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனசு சரியில்லாவிட்டால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். வேளைக்கு ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளி வைத்த
ஸ்வர்ணலதா