பெருமாளுக்கு மாத்து ஆள்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குசினிப் பக்கம் கூரைத் தகரம் ஒழுகுகிறது. கீழே சட்டி வைத்தாயிற்று. ஏறிப் பார்க்கலாம் என்றால் ஆணி இல்லை. ஆணி இருந்தாலும் முழங்கால் இல்லை.

செய்ய வேண்டியவை: ஆணி வாங்க. கண் ஆசுபத்திரித் துண்டுச் சீட்டைத் தேட. மகனுக்குப் போன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மேல் லயத்து வீட்டுச் சாந்தி வந்தாள். இடுப்பில் தேயிலை பறிக்கக் கட்டும் படங்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பெருமாளின் மகள். தாய் இல்லை, புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். தகப்பனை இவள்தான் பார்க்கிறாள்.

"மாமா, அப்பா தூங்குறதே இல்ல. மம்பட்டிப் பிடி ஒண்ண வச்சுக்கிட்டுக் கான் ஓரத்துல நிக்கிறாரு. கூப்பிட்டா வரமாட்டேங்குறாரு. என்னய யாருன்னே தெரியல."

மறதி என்று கேள்விப்பட்டேன். இந்த அளவு என்று தெரியாது. அவள் கொழுந்து பறிக்கப் போனால் பார்க்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் இடம் இருக்கிறதாம்.

"அனுப்ப மனசு இல்ல மாமா. நீங்களும் அங்கதான வேல செஞ்சீங்க. ஒரு தடவ வந்து பாருங்களேன்."

அங்க என்றால் மில். இந்த நோட்டில் மில்லைப் பற்றி எழுதியதே இல்லை. கொழும்புப் பக்கம் இரும்பு மில். கம்பி உருட்டுகிற இடம். இந்தத் தோட்டத்திலிருந்து போன பொடியன்களில் பெருமாளும் நானும்தான் மிச்சம். மில்லை விற்றார்கள், பிறகு மூடினார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கே திரும்பி வந்தோம். அவ்வளவுதான் கதை.

ஜூன் 4, புதன்

மழை விடவில்லை. மேல் லயத்துக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். என் பெண்டாட்டி, இவள், பின்னாலிருந்து, "கெழவன் பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்ட போட்டுக்கிட்டுப் போகுது" என்றாள். குளிருக்குப் போட்ட சட்டை.

பெ. (முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது) இஸ்தோப்புத் திண்ணைக்கு வெளியே, கான் ஓரத்தில். தலையில் சாக்கு. கானில் மழைத் தண்ணீர் செம்மண் நிறமாக விழுந்தடித்து ஓடுகிறது. அவன் கண் அதிலேயே. இடது கால் முன்னே, வலது கால் பின்னே, முதுகு சற்று வளைந்து, மம்பட்டிப் பிடி இரண்டு கையிலும்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மில்லில் மூணாம் ஸ்டாண்டில் அவன் அப்படித்தான் நிற்பான்.

சாந்திக்குப் புரியவைக்க முடியவில்லை, இங்கே எழுதிப் பார்க்கிறேன். உலையிலிருந்து இரும்பு சிவக்கச் சிவக்க வரும். ஒரு ஸ்டாண்டில், இரண்டு உருளைக்கு நடுவில், நசுங்கி, நீண்டு, வெளியே பாயும். பாய்கிற தலையைக் குறடால் கவ்வி, உடம்பைத் திருப்பி, அடுத்த ஸ்டாண்டின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்து நிமிர்ந்தால் அடுத்தது வந்துவிடும். காலில் நனைத்த சாக்கு. மூச்சு விட்டால் மூக்கு சுடும். குடிக்க உப்புப் போட்ட தேத்தண்ணி.

அதனால் குறட்டை யாரும் கீழே வைக்க முடியாது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினாலும் முடியாது. மாத்து ஆள் பக்கத்தில் வந்து நிற்பான். "புடிச்சுக்க" என்பான் இருக்கிறவன். "புடிச்சேன்" என்பான் வந்தவன். அதைக் கேட்ட பிறகுதான் கை விடலாம். எங்களுக்கு வேலை பழக்கிய பியதாச பாஸ் முதல் நாளே சிங்களத்தில் சொல்லிக்கொடுத்தது அதுதான். "அத அரின்ன எபா." கையை விடாதே.

பெ.க்கு மாத்து ஆள் நான். வருஷக் கணக்காக.

பக்கத்தில் போய் நின்றேன். திரும்பவில்லை. அவனுக்குக் காது என்னைவிட மோசம். இரண்டு கையையும் நீட்டி, பிடியின் நடுவில் வைத்தேன்.

அவன் உடம்பு தளர்ந்தது. "புடிச்சுக்க."

"புடிச்சேன்" என்று கத்தினேன்.

விட்டான். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்ப் படுத்தான். குறட்டை விட்டுத் தூங்கினான். சாந்தி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மம்பட்டிப் பிடியோடு மழையில் நின்றேன், மடையன் மாதிரி. அதை எங்கே வைப்பது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

தூறல். தினம் சாயந்தரம் போகிறேன். போனால் தருகிறான், தூங்குகிறான். விடிந்ததும் எழுந்து மறுபடி கானுக்குப் போய்விடுகிறானாம். போகட்டும். இராத்திரி தூங்கினால் போதும் என்கிறாள் சாந்தி. அவளும் தூங்குகிறாள், முகத்தில் தெரிகிறது.

இவள்: "இந்த வயசுல ஷிப்டா? சம்பளம் உண்டா?"

சாந்தி ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தனுப்பினாள். சம்பளம் என்று இவளிடம் காட்டினேன். பாதியை அவளே தின்றாள்.

ஆணி வாங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மதியத்துக்குப் பிறகு மழை இல்லை, மூட்டம் மட்டும். கான் வற்றிவிட்டது. பெ. நிற்கவில்லை, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். நானும் உட்கார்ந்தேன்.

"ரோலு மாத்துறானுங்க" என்றான். மில்லில் உருளை மாற்றும்போது ஓட்டம் நிற்கும், அப்போதுதான் உட்காரலாம். சரிதான் என்றேன்.

பிறகு அவனே, "பியதாசவோட காலு எப்பிடி இருக்கு?"

பியதாச பாஸின் கால் அப்போதே போய்விட்டது. மாத்து ஆள் வருவதற்குள் ஒருத்தன் குறட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். கம்பி தடம் மாறிச் சுருண்டு எழுந்தது. பாஸ் குறுக்கே ஓடினார். அதற்கப்புறம் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. சங்கு ஊதி, மாத்து ஆள் வராமல், மறு சங்கு வரைக்கும் நின்றவர்கள் உண்டு. அதற்கு டபுள் என்று பெயர்.

"நல்லா இருக்காரு" என்று கத்தினேன். சந்தோஷப்பட்டான்.

ஒன்று யோசித்தேன். அவன் வெளியே வர நான் உள்ளே போவேன், நான் வெளியே வர அவன் உள்ளே போவான். ஒரே போர்டிங், ஒரே பாய்கூட. ஆனால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட நாளை எண்ணிவிடலாம். இப்போதுதான் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

புறப்படும்போது சாந்தி சொன்னாள்: "சிஸ்டர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன் மாமா. நீங்க இருக்கீங்கல்ல."

இறங்கி வரும்போது முழங்கால் வலிக்கவில்லை. மறைப்பானேன், அவனுக்கு உதவி என்று போகிறேன், ஆனால் நாலு மணியானால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மில் மூடிய பிறகு என்னை எதிர்பார்த்து யார் நின்றார்கள்?

ஜூன் 10, செவ்வாய்

திரும்பவும் பெருமழை. நாளைக்குக் கண் ஆசுபத்திரி. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது, வெட்டுகிறார்கள். தங்க வேண்டும். இவளும் வருகிறாள்.

எடுத்துக்கொள்ள: துண்டுச் சீட்டு, கம்பளி, சுடுதண்ணிப் போத்தல், இவளுடைய வாய்.

பெ.யிடம் பிடியை வாங்கினேன். படுக்கப் போனவன் நின்று திரும்பினான். "நாளைக்கும் நீதானடா ராசு?"

"இல்லடா, நான் இல்ல."

"அப்ப யாரு?"

"நாளைக்கு டபுள்தான்டா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அங்கே அப்படித்தான் சொல்வோம், வாயில் வந்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் போனான்.

சாந்திக்குக் காட்டிக்கொடுத்தேன். இரண்டு கை, நடுவில் பிடிக்க வேண்டும், "புடிச்சேன்" என்று சத்தமாக. இரண்டு தடவை செய்து பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். நன்றாகவே செய்தாள்.

ஜூன் 13, வெள்ளி

ஒரு கண்ணோடு எழுதுகிறேன். கோடு எங்கேயோ போகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கடை வாசலில் சொன்னார்கள். பெ. ஆசுபத்திரியில்.

புதன்கிழமை சாயந்தரம் சாந்தி சொன்னபடியே போய்க் கை நீட்டியிருக்கிறாள். தரவில்லை. வியாழக்கிழமையும் தரவில்லை. மழையில் அப்படியே நின்றிருக்கிறான். ஆள் சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டாலும் திரும்பி ஓடி வந்திருக்கிறான். கடைசியில் கானுக்குள் விழுந்துவிட்டான். நெஞ்சில் சளி, காய்ச்சல்.

இவள் தேத்தண்ணி வைத்தாள். குடிக்க முடியவில்லை. "ஒங்களுக்கு என்ன வந்துச்சு" என்றாள்.

டபுள் என்றால் மாத்து ஆள் இல்லை என்று அர்த்தம். யார் கை நீட்டினாலும் கொடுக்கக் கூடாது. நான்தான் சொன்னேன். என் வாயால்.

ஜூன் 14, சனி

ஆசுபத்திரி. வார்டில் இடமில்லை, பெ. ஓரத்துக் கட்டிலில். மூக்கில் குழாய். கை மட்டும் போர்வைக்கு மேலே, விரல் மடங்கி, எதையோ பிடித்த மாதிரி. என்னைப் பார்த்தான். தெரிந்ததாகத் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் வைத்துச் சாந்தியிடம் சொல்லிவிட்டேன். முழுக்க. டபுள் என்றால் என்ன, நான் ஏன் சொன்னேன், எல்லாம்.

"தெரியும் மாமா. டபுள் போட்டுருக்கு, ராசு சொல்லிட்டுப் போனான்னு அப்பா சொல்லிக்கிட்டே நின்னாரு. எனக்குத்தான் வெளங்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். என் கண் கட்டைப் பார்த்து, "வலிக்குதா மாமா?" என்று கேட்டாள்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிஸ்டர்கிட்டத் திரும்பப் பேசிட்டேன். என்னால முடியல."

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மழை, வெயில், மழை. காலையில் வேன் வந்தது. பெ. மெலிந்துவிட்டான். சாந்தி ஒரு பையில் சாரம், பெனியன், கம்பளித் தொப்பி வைத்தாள். என்னவோ விசேஷத்துக்குப் போகிறவன் மாதிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். லயத்துக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். முணுமுணுத்தவர்களும் அழுதார்கள்.

சாந்தியும் கூடப் போனாள். கொழுந்துக்கு லீவு.

சாயந்தரம் நாலு மணிக்கு இவள், "போய்ப் படுங்க" என்றாள்.

ஜூன் 27, வெள்ளி

கண் தேவலை. இவள் சொல்லி, தகரம் மாற்ற மகன் ஆள் அனுப்பினான். ஒழுகவில்லை. மகனுக்கு இன்னும் போன் பண்ணவில்லை.

சாந்தியைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பார்த்தேன். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறாராம். தூக்கம்? "தூங்குறாராம் மாமா." எப்படி என்று கேட்க ஆசை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 2, புதன்

பளிச்சென்று வெயில். பஸ் மாறி மாறி நுவரெலியா போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. கையில் பிஸ்கட், ஒரு சீப்பு வாழைப்பழம்.

பெரிய முற்றம், பூச்செடி, சுத்தமான இடம். பெ. மரத்தடிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை. கானும் இல்லை. சிஸ்டர் நல்ல தமிழ் பேசினார். "தொந்தரவே இல்லாத மனுசர். சில நாள் நல்ல தெளிவா இருக்கார்" என்றார்.

நான் தெளிவை எதிர்பார்த்துப் போகவில்லை. வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். நேரே முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தை. ரொம்ப நேரம் பார்த்தான்.

"என்னடா ராசு இது?"

"மாத்த வந்துருக்கேன்டா."

"எத மாத்த? மில்லுதான் மூடியாச்சே. கேட்டுல பூட்டுப் போடுறப்ப நீயும் நானும் சேந்துதான நின்னு பாத்தோம்." என் கறுப்புக் கண்ணாடியைத் தொட்டான். "கண்ணுக்கு என்னடா? கெழவனாயிட்ட."

கை நீட்டியபடியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. அவன்தான் பிடித்துக் கீழே இறக்கி, பக்கத்தில் உட்கார வைத்தான். பழம் உரித்துக் கொடுத்தேன். சாப்பிட்டான். சாந்தியை விசாரித்தான், பெயர் சொல்லி. மழை எப்படி என்று கேட்டான். எத்தனையோ நாளுக்கு அப்புறம் பழைய பெருமாள்.

பழத் தோலைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான். மடியிலிருந்து கம்பளித் தொப்பியை எடுத்துக் காது மூடப் போட்டுக்கொண்டான்.

"சரி, வா போவோம்."

"எங்கடா?"

"வீட்டுக்குத்தான். கூட்டிட்டுப் போகத்தான வந்த?"

சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

"நாளைக்கு" என்றேன். காதில் விழவில்லை. கிட்டப் போய், முற்றத்தில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.

தலையாட்டினான். தொப்பியைக் கழற்றாமல் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.